கிணற்றுக்குள் இறங்கியவர்

"கடவுள் மனுசனானாருன்னு இருபது வருசம் பாடம் நடத்தினேன் சாமி. இப்ப என்னாலயே அதை நம்ப முடியலை."

வந்து இறங்கிய அன்றே வியாகப்பன் இதைச் சொல்லிவிட்டார்.

எதிரே இருந்தவர் இன்னாசி சாமியார். கரிசல் காட்டு நடுவில் மூன்று ஓலைக் குடிசைகளும் ஒரு சின்னக் கோயிலும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தவர். வியாகப்பனைவிட வயதில் இளையவர். வியாகப்பனும் குருவானவர்தான். குருமடத்தில் பேராசிரியர். ஆனாலும் சீடனாகத்தான் வந்திருந்தார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பூசையில் பிரசங்கம் வைக்க எழுந்தவருக்கு நாக்கு எழவில்லை. ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர் அப்படியே இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தாழ்ந்து வந்தாருன்னு சொல்றோம். எப்படித் தாழ்வாகும்? தான் யாருன்னு அவருக்குத் தெரியும். மூணாம் நாள் எந்திரிப்போம்னும் தெரியும். வெளிய போற வழி தெரிஞ்சவனுக்கு அது சிறையா சாமி?"

இன்னாசி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.



வியாகப்பன் அங்கேயே தங்கினார். தண்ணீர் சுமந்தார், கோயிலைக் கூட்டினார். கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னாசி கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்த்தார். ஒரு நாள் மட்டும், "எனக்கும் தெரியலைண்ணே" என்றார்.

அன்றைக்கு வியாகப்பனுக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்றிருந்தது. துணிமணியை மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் காலையில் கிளம்பி நின்றபோதுதான் ஆள் ஓடிவந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் பழைய கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிக் கிடந்த ஒரு பக்கம் சரிந்துவிட்டது. கீழே நின்றவர்கள் தட்டுத்தடுமாறி ஏறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிக்கிக்கொண்டார். இருவரும் அங்கே ஓடினார்கள்.

சுடலைமணி என்று பெயர். வெளியூர்க்காரர். இடுப்புக்குக் கீழே பாறை அழுத்திக் கிடந்தது. அதே வேலையில் கல் சுமக்க வந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாளை இரண்டு பெண்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். குதித்துவிடுவாள் என்று பயம்.

தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வரவேண்டும். எதிர்ப்பக்கமும் விரிசல் விட்டிருந்தது. யாரும் இறங்கக்கூடாது என்று தோட்டக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாகப்பன் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தார். தைரியமாக இருங்கள், ஆள் வருகிறது, கடவுள் உங்களைக் கைவிடமாட்டார் என்று உரக்கச் சொன்னார். குருமடத்து மண்டபத்தில் கடைசி வரிசைவரை கேட்ட குரல் அது.

கீழேயிருந்து மெல்லச் சத்தம் வந்தது.

"யாருய்யா அது? கத்தாதீங்க. மண்ணு விழுது."

வியாகப்பன் பின்னால் நகர்ந்தார். திரும்பிப் பார்த்தபோது இன்னாசி அங்கியைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இதைப் பிடிங்கண்ணே."

"இறங்கி என்ன பண்ணப்போறீங்க? அந்தப் பாறையை நகர்த்த முடியுமா?"

"முடியாது."

கரையில் கட்டை நட்டுக் கட்டியிருந்த வடக்கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார்.

மேலேயிருந்து பார்த்தவர்களுக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது. போனார், பக்கத்தில் உட்கார்ந்தார். சுடலைமணியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பேசுவது தெரிந்தது, என்ன பேச்சென்று கேட்கவில்லை.

சற்று நேரத்தில் எதிர்ப்பக்கமும் சரிந்து இறங்கியது.

வடம் கட்டியிருந்த கட்டை மண்ணோடு உள்ளே போயிற்று. ஜனங்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். புழுதி அடங்கிய பிறகு இரண்டு தலைகளும் தெரிந்தன. ஆனால் ஏறி வர இனி ஒன்றுமில்லை; வேறு வடம் போட்டு இழுத்தால் கரை மொத்தமும் சரியும் என்று தோட்டக்காரர் தடுத்துவிட்டார். பாறை இடுக்கில் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது.

வியாகப்பன் கூப்பிட வாய் திறந்தார். மண் விழும் என்று நினைவு வந்து, கையால் பொத்திக்கொண்டார். தடையை மீறி நானும் இறங்கலாமே என்று ஒருமுறை நினைத்தார். இன்னொரு வடம் அவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கால் நகரவில்லை. அங்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி பகல் முழுவதும் நின்றார்.

வண்டி வந்தது. கரை தாங்காது என்று தூரத்தில் நிறுத்தி, மரங்களைக் குறுக்கே போட்டு, ஏணி இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

முதலில் இன்னாசியை ஏற்றினார்கள். பிறகு நெடுநேரம் போராடிச் சுடலைமணியின் உடலை எடுத்தார்கள். உயிர் எப்போதோ போயிருந்தது. தண்ணீர் முகத்தைத் தொடாதபடி இன்னாசி அதுவரை தூக்கிப் பிடித்தே உட்கார்ந்திருந்தார் என்று இறங்கிய ஆள் சொன்னார்.

பேச்சியம்மாள் உடலைத் தடவித் தடவி அழுதாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, தலைமுதல் கால்வரை சகதியாய் நின்ற இன்னாசியைப் பார்த்தாள்.

"எந்தக் கெணத்து வேலைக் கொத்து ஆளுண்ணே நீங்க? நம்ம ஆளுக ஒருத்தரும் எறங்கலையே."

இவர் யாரென்று சொல்ல வியாகப்பன் வாயெடுத்தார். இன்னாசி அவர் மணிக்கட்டை அழுத்தினார்.

"இங்க பக்கத்துலதாம்மா" என்றார். "உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

அவள் மறுபடியும் உடல்மேல் கவிழ்ந்தாள்.

இருவரும் நடந்து வந்தார்கள்.  குடிசைக்கு வந்ததும் வியாகப்பன் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காப்பி போட்டு டம்ளரை முன்னால் வைத்தார். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க ஒரு சாமியார்னு அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே. ஒரு தெம்பா இருந்திருக்கும்."

"கேக்கலை."

"வேற என்னதான் கேட்டாரு?"

இன்னாசி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாம மேல போயிருவமான்னு கேட்டாரு. தெரியலைன்னேன். ரெண்டாவது தடவை மண்ணு சரிஞ்ச பெறகு, ஒனக்கும் பயமா இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை. கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

வியாகப்பன் தலையை ஆட்டினார்.

"அவருக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் பயமா இருக்குன்னு சொன்னீங்க."

இன்னாசி டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். எடுக்காமல், அந்தக் கையை அப்படியே அவருக்குக் காட்டினார்.

அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.