வெண்கலக் காசில் ஒரு குதிரை

“குதிரை பளிச்சுனு தெரியுதுங்க அம்மணி. இன்னும் என்ன யோசனை?” என்றார் குழந்தைவேலு.

அமலோற்பவத்தின் மேஜைமேல் அந்த ரோமானிய வெண்கலக் காசு கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். பச்சைக் களிம்பு ஏறி, எழுத்தெல்லாம் போயிருந்தது.

பழங்காசு படிப்பதில் அமலோற்பவம்தான் குரு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்த சீடர் குழந்தைவேலு. குருவுக்குச் சீடரின் மகள் வயது. அதில் சீடருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, அவசரம்தான் நிறைய இருந்தது.

வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அதில் விலங்கோடு சென்னியப்பன். அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பிழைக்கிறவன்.

அருங்காட்சியகத்தில் காணாமல் போனது, குதிரையிலிருந்து விழுகிறவனை ஒரு வீரன் குத்தும் உருவம் பொறித்த காசு. சென்னியப்பன் மடியில் இருந்து எடுத்த இந்தக் காசும் அதுதான் என்று இந்த அறையில் சொல்லிவிட்டால் அவனுக்குச் சிறை. குழந்தைவேலுவை ஜீப்பில் ஏற்றிவந்த இன்ஸ்பெக்டர் வழியெல்லாம் அந்தக் குதிரையைப் பற்றியே பேசினார்.

“ஆத்துல கெடச்சதுங்க சாமி!”

சென்னியப்பன் கத்துவது உள்ளே கேட்டது.

“எங்கே குதிரை?” என்றார் அமலோற்பவம்.

“இதோ கழுத்து. இதோ மடங்குன காலு.”

அமலோற்பவம் எழுந்துபோய் இன்னொரு பச்சை வட்டத்தை எடுத்துவந்து சீடரின் கையில் வைத்தார்.

“இதுல என்னங்க ஐயா இருக்கு?”

குழந்தைவேலு லென்ஸை வைத்துப் பார்த்தார்.

“இதுவும் அதே வகைதானுங்க. ரொம்பத் தேஞ்சிருக்கு. ஆனா கழுத்து இருக்கு. காலும்…”

“நல்லாப் பாருங்க.”

“சந்தேகமே இல்லீங்க. குதிரைதான்.”

“அது எங்க வீட்டு அண்டாவுல ஓட்டைய அடைக்க வச்சு, பேந்து விழுந்த ஒட்டுங்க.”

குழந்தைவேலு ஒட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பப் பார்த்த கை.

“ஆச்சுங்களா?” இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார்.

“ஆகலைங்க.” அமலோற்பவம் கதவைச் சாத்தினார். ஜன்னல்களையும் சாத்தினார். ஒன்றை மட்டும் விரற்கடை திறந்து வைத்தார்.

“இருட்டாக்கிட்டா எப்படிங்க தெரியும்?”

“பேசாதீங்க. பாருங்க.”

காசைத் தள்ளி, அந்த இடுக்கு வழியே படுத்து வந்த வெளிச்சத்தில் வைத்தார். மேடுகளுக்கெல்லாம் நிழல் விழுந்தது. குழந்தைவேலு காசை மெதுவாகச் சுற்றினார். ஹாரன் அடித்தது. கதவைத் தட்டினார்கள். அவர் தலை நிமிரவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

“ரெண்டு பேரு நிக்கறாங்க…” என்றார் குழந்தைவேலு. “ஆளுக்கொரு ஈட்டி. நடுவுல கொடிக்கம்பம்.”

“குதிரை?”

குழந்தைவேலு காசை மேஜைமேல் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“அது என்கூட ஜீப்புல வந்துச்சுங்க அம்மணி.”