ஆ... மென்

ஏட்டி பியூலா, கண்ண மூடு. மூடிட்டு "ம்" கொட்டணும், என்ன?

ஒரு ஊர்ல ஒரு பிடியரிசிச் சங்கம் இருந்துச்சாம். சங்கம்னா பெரிய கட்டடம்னு நெனச்சிராத. வேதக்கோயில் பொம்பளைங்க உலையில அரிசி போடுமுன்ன ஆளுக்கொரு பிடி அள்ளி, பசிச்சவனுக்குன்னு தனிக் கலயத்துல போட்டாங்க. அம்புட்டுதான் சங்கம். ஆரம்பிச்சவ சலோமின்னு, புருசன் இல்லாத ஒரு மனுசி. கலயம் நெறஞ்சதும் தலைவர்னு ஒருத்தர் வந்து உக்காந்துட்டாரு, வேதமாணிக்கம். அவரு வீட்டுல இருந்து ஒரு பிடி வந்ததில்ல. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

ம்?

அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்துச்சு. பர்மாவுல குண்டு, டமார் டமார். அங்க பொழைக்கப் போன நம்ம சனமெல்லாம் காடும் மலையும் நடந்து, ரயிலேறி, எலும்பும் தோலுமா வந்து எறங்குச்சு. சலோமி கலயத்த ஒலையில கவுத்து, சோத்த உருண்டை பிடிச்சு, ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு ஓடினா. அப்போ தலைவர் குறுக்க வந்து நின்னாரு.

"ஜெபம் முடிஞ்சு ஆமென் சொல்றவங்களுக்குத்தான் சோறு."

பசிச்சவனுக்குப் பரீட்சை வைக்கிற மூஞ்சியப் பாரு, தூ!

ஜெபம் போச்சு போச்சு, சோறு ஆறுற மட்டும் போச்சு. அப்புறம் மொத ஆளா ஒரு கெழவர் வந்தாரு. வாயத் தொறந்தா லொக்கு லொக்குன்னு இருமல். "தள்ளி நில்லு." அப்புறம் ஒரு அம்மா. பழக்கதோஷம், "முருகா"ன்னுட்டா. "நீயும் தள்ளி நில்லு." மூணாவது அவ மக அஞ்சலை. ஒன் வயசுதான். கால் நிக்கல, கண்ணு சொருகுது. இன்னும் கொஞ்சம் விட்டா பிள்ள போயிரும்.

அஞ்சலை வாயத் தொறந்து "ஆ..."ன்னா. மேல சத்தம் வரல.

"ஆ மட்டும் போதுமா? மென் எங்க?"ன்னாரு தலைவர்.

சலோமி உருண்டையில துளி பிட்டு, டபக்குன்னு அந்த வாயில வச்சா.

"ஆன்னுட்டா ஐயா. இனி மென்னு முழுங்கட்டும்."

அவ்வளவுதான். கெழவரு ஆ, அம்மா ஆ, ஸ்டேஷன் பூரா ஆ, ஆ! சலோமி கை நிக்கவேயில்ல. தலைவரு அது ஜெபமே இல்ல, இல்லன்னு கத்துறாரு. கத்தட்டும், யாரு கேட்டா?

அப்போ அஞ்சலைக்குக் கொஞ்சம் உசிரு வந்துச்சு. தின்னுட்டிருந்த உருண்டையில பாதிய அவருகிட்ட நீட்டுனா.

"ஐயா, நீங்க சாப்பிட்டாச்சா?"

காலையிலேயே கோழிக்கறி தின்னுட்டு வந்த மனுசன். "ஆ..."ன்னு வாயத் தொறந்தாரு. தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுச்சு, மென் வரவேயில்ல.

கலயமும் காலி, கதையும் காலி. உருண்டு படுத்து உறங்குட்டி.