கனக்கும் கிரீடமும் தயிர்க்காரி காத்தாயியும்

முன்னொரு காலத்தில், மழை கேட்ட நாளில் பெய்து கொண்டிருந்த காலத்தில், கொன்றையூர் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் பரிதிவேலன். நல்ல ராஜாதான். குடிமக்களை வதைக்க மாட்டான், வழக்கை நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டான். ஒரே ஒரு குறை, தன் அழகைத் தானே பார்ப்பதில் கொஞ்சம் ஆசை அதிகம். ராஜாவாகப் பிறந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று நாம் விட்டுவிடலாம். வளைகோலன் விடவில்லை.

வளைகோலன் யார் என்கிறீர்களா? ஏழு மலை தாண்டி வந்த மந்திரவாதி. தனக்குச் சேனாதிபதி வேலை வேண்டும் என்று ராஜாவிடம் கேட்டான். "உமக்குக் குதிரை ஏறவும் தெரியாது, வாள் பிடிக்கவும் தெரியாது. வேறு ஏதாவது கேளும்" என்றான் ராஜா. மந்திரவாதி சிரித்துக்கொண்டே போனான். கேட்டது கிடைக்காமல் சிரித்துக்கொண்டே போகிறவனைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராஜா யோசிக்கவில்லை.

மறுவாரமே வளைகோலன் ஒரு கிரீடத்தோடு வந்தான். சூரியன் பட்டதும் அரண்மனைச் சுவரெல்லாம் ஏழு வண்ணம் ஓடியது. ஆனால் கையில் எடுத்தால் எடையே இல்லை. அதை ராஜாவின் தலையில் வைக்கும்போது மந்திரவாதி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்:

"குனிந்தால் மலை, நிமிர்ந்தால் இலை.
குனிந்தால் மலை, நிமிர்ந்தால் இலை."

அது யார் காதிலும் விழவில்லை. உங்கள் காதில் மட்டும் போட்டு வைக்கிறேன்.

ராஜாவுக்குப் புதுக் கிரீடத்தில் தன்னைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. தங்கத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து பார்த்தான். ஒவ்வொரு தடவை குனியும்போதும் கிரீடத்தில் ஒரு குன்றிமணி எடை ஏறியது. குன்றிமணி எடையை யார் கவனிப்பார்கள்? ஆறு மாதம் கழித்துக் கழுத்து வலிக்கிறதே என்று கழற்றப் போனால், அது தலையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதன் பிறகு அவன் குனிய வேண்டிய அவசியமே இல்லை, கிரீடமே அவனைக் குனிய வைத்தது.

அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. ராஜாவின் தலைக்கு மேலே வேறு எந்தத் தலையும் இருக்கக் கூடாது. ராஜா நிமிர்ந்து இருந்த வரைக்கும் அதனால் யாருக்கும் தொந்தரவு இருப்பதாகத் தெரியவில்லை. இப்போது ராஜா மார்பு வரை குனிந்தால் மந்திரி வயிறு வரை குனிந்தார். மந்திரி வயிறு வரை குனிந்தால் காவல்காரன் இடுப்பு வரை குனிந்தான். ராஜா எந்தத் தெருவில் எப்போது வருவாரோ என்று ஊரே மடிந்து நடக்கப் பழகிவிட்டது. நாற்று நடுகிறவர்களும் குனிகிறார்கள், வேலை முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்துவிடுகிறார்கள். இது அந்தக் குனிவு இல்லை, நிமிரவே மறந்துபோன குனிவு.

அதனால் வந்த தொல்லைகளைக் கேளுங்கள். மூச்சு பாதியிலேயே திரும்பியது. தின்ற சோறு நெஞ்சிலேயே நின்றது. பாடகர்களுக்கு மேல் சுரம் எட்டவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் குப்பையும்தான் என்பதால், மனதிலும் அதுவே நிறைந்து, ஆளுக்கு ஆள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சிரிப்புச் சத்தமே இல்லை. வயிறு மடிந்து கிடந்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

ராஜா எல்லாரையும் பாதத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டான். வெடித்த குதிகால் என்றால் மந்திரி. மஞ்சள் படிந்த நகம் என்றால் சமையற்காரர். வெள்ளி மெட்டி என்றால் அவன் மனைவி, அரசி எழிலி. அவள் முகத்தைப் பார்த்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அப்போது வளைகோலன் திரும்பி வந்தான், கையில் ஒரு அளவு நூலோடு. ராஜாவின் நெற்றிக்கும் முழங்காலுக்கும் நடுவே நூலைப் பிடித்தான்.

"மூணு சாண் இருக்கு. மாசம் பிறக்கும்போதெல்லாம் வந்து அளப்பேன். நெத்தி முழங்காலைத் தொடுற அன்னிக்கு நீ நத்தை, நான் ராஜா."

"இவனைப் பிடியுங்கள்" என்றான் ராஜா. காவல்காரர்கள் பாய்ந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே பாய்ந்ததால் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

"அதற்குள் என் தலை நிமிர்ந்துவிட்டால்?" என்று கேட்டான் ராஜா.

"நிமிர்ந்தா நான் நத்தை. போதுமா?" என்று சிரித்துவிட்டு மந்திரவாதி போய்விட்டான்.

முதல் மாதம் அரண்மனை வைத்தியர் மூலிகை எண்ணெய் காய்ச்சி முதுகில் தேய்த்தார். முதுகு பளபளத்தது, நிமிரவில்லை. மாதம் பிறந்தது, இரண்டு சாண். இரண்டாம் மாதம் ஆசாரி ஒரு மூங்கிலை முதுகோடு சேர்த்துக் கட்டினார். மூங்கில் இரண்டாகப் பிளந்தது. மாதம் பிறந்தது, ஒரு சாண். மூன்றாம் மாதம் யானைப்பாகன் கிரீடத்தில் கயிறு கட்டி, விட்டத்தில் போட்டு, யானையை விட்டு இழுக்கச் சொன்னான். ராஜா அதே வளைவோடு அந்தரத்தில் தொங்கினான். அவனை மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் மாதப் பிறப்பு. அன்று காலையில்தான் காத்தாயி வந்தாள்.

காத்தாயி மலையடிவாரத்துத் தயிர்க்காரி. இருபது வயது. தலையில் ஐந்தடுக்குப் பானை. அரண்மனையில் ஒருவருக்கும் சோறு செரிக்காததால் மோர் ஏகமாகத் தேவைப்பட்டது, வழக்கமாக வருகிறவள் கொடுத்தது போதாமல் புதிதாக இவளைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"குனிஞ்சு வா" என்றான் வாசல் காவல்காரன், அவள் காலைப் பார்த்து.

"குனிஞ்சா அஞ்சு பானையும் உடையும் அண்ணே. மோர் வேணுமா, குனிவு வேணுமா?"

காவல்காரனுக்குக் காலையில் தின்ற பழையது இன்னும் நெஞ்சில் நின்றது. "மோர்தான் வேணும். சத்தம் போடாம போ" என்றான்.

அவள் சபைக்குள் வந்ததும் ஐந்து பானையோடு அவள் நிழல் தரையில் நீளமாக விழுந்தது. ராஜா அந்த நிழலைப் பார்த்தான். ஒரு வருஷமாக அவன் நேராக ஒரு நிழலைப் பார்க்கவில்லை.

"யாரம்மா அது? தலையில் எவ்வளவு பாரம்?"

"தயிர்க்காரி காத்தாயி, மகாராசா. ஒரு மணங்கு இருக்கும்."

"கழுத்து வலிக்கவில்லையா?"

"கழுத்தா சுமக்குது? பூமி சுமக்குது. நான் நடுவுல நிக்கிறேன், அவ்வளவுதான். நீங்க அந்தக் கிரீடத்தைக் கழுத்தால மட்டும் தூக்கப் பாக்குறீங்க. அது எப்படி ஆவும்?"

"எனக்குச் சொல்லித் தருவாயா?"

காத்தாயி பானைகளை இறக்கி வைத்தாள். "எங்க ஊர்ல மொதல்முதலா பானை எடுக்குறப்போ ஒரு வார்த்தை சொல்லுவோம், மகாராசா. பாதத்தை ஊன்று, மூச்சை ஏற்று, பார்வையை நீட்டு."

அதற்குள் வளைகோலன் நூலோடு வந்துவிட்டான். அளந்தான். "ரெண்டு விரல்தான் இருக்கு. பொழுது சாயுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லி, வாசலிலேயே தரையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தான். நத்தையாவதைவிட இவன் கையில் நாட்டைக் கொடுப்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

காத்தாயி ராஜாவின் பின்னால் போய் நின்று, அவன் நடுமுதுகில் ஒரு கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள்.

"பாதத்தை ஊன்றுங்க. பெருவிரல், சுண்டுவிரல், குதிகால், மூணும் தரையில பதியணும். முட்டியை விறைக்காதீங்க."

ராஜா ஊன்றினான். கால் உறுதியானது, இடுப்பு மெதுவாக எழுந்தது. ஒரு சாண் உயர்ந்தான்.

"மூச்சை ஏற்றுங்க. வயிறு, விலா, நெஞ்சு, அந்த வரிசையில. தோளைக் காதுகிட்டேருந்து கீழ விடுங்க."

ராஜா மூச்சிழுத்தான். ஒரு வருஷத்தில் முதல் முழு மூச்சு. உடம்பெல்லாம் கதவு திறந்த மாதிரி இருந்தது, அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு சாண் உயர்ந்தான். வளைகோலன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினான்.

"இப்போ பார்வையை நீட்டுங்க. கண்ணு போற வழியிலதான் தலை போவும்."

ராஜா பார்வையை நீட்டினான். சபை முழுக்க முதுகுகள், முதுகுகளுக்கு அந்தப் பக்கம் குடுமிகள். பார்க்க ஒரு முகம் இல்லை. வாசலில் இருந்த மந்திரவாதியோ தரையில் உட்கார்ந்திருந்தான். கண் தானாகக் கீழே இறங்கியது, கண்ணோடு தலை இறங்கியது, ஏறின இரண்டு சாணில் ஒரு சாண் போயே போய்விட்டது. வளைகோலன் கை தட்டினான்.

காத்தாயிக்கு வியர்த்துவிட்டது. "நாங்க எதிர்ல வர்றவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே நடப்போம், மகாராசா. இங்க முகமே இல்லையே."

ராஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் தலை பெரிதாக இருக்க வேண்டும் என்று ஊர்த் தலையையெல்லாம் கவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து பார்க்க ஒருவரும் இல்லாமல் நிற்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. எல்லாரும் நிமிருங்கள்."

ஒருவரும் நிமிரவில்லை. "ராஜா நம்மைச் சோதிக்கிறார். இன்னும் குனியுங்கள்" என்று மந்திரி கிசுகிசுத்தார். சபை இன்னும் ஒரு விரல் தாழ்ந்தது.

"எழிலி" என்று கூப்பிட்டான் ராஜா. "உன் முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று. காட்ட மாட்டாயா?"

சபையின் கடைக்கோடியில் வெள்ளி மெட்டி அசைந்தது. அரசிக்கும் பயம்தான், அவள் கால் ஒரு அடி பின்னால் போனதை ராஜா பார்த்தான். பயந்துகொண்டே அவள் பாதத்தை ஊன்றினாள், மூச்சை ஏற்றினாள், மடக் மடக் என்று எலும்பு சொடுக்க எழுந்தாள். ராஜாவின் கண் அவளோடு ஏறியது. மெட்டி, சேலைக் கரை, இடுப்பு, வளைக்கை, தோள். கண் ஏற ஏறத் தலை ஏறியது, தலை ஏற ஏறக் கிரீடம் இலேசானது. கடைசியில் முகம். காதோரம் இரண்டு நரைமுடி புதிதாக வந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராஜா நேராக நின்றான். தலையிலிருந்து ஒரு காய்ந்த கொன்றை இலை உதிர்ந்து விழுந்தது. கிரீடத்தைக் காணோம். வாசலில் வளைகோலனையும் காணோம், பாதி மென்ற வெற்றிலைமேல் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. காத்தாயி அதை எடுத்துத் தோட்டத்தில் வாழையடியில் விட்டாள். அவளுக்கு யார்மேலும் நெடுநேரம் கோபம் நிற்காது.

பிறகு சபை முழுக்க மடக் மடக் என்று ஒரே சத்தம். மந்திரி நிமிர்ந்தார், நெஞ்சில் நின்ற சோறு இறங்கி நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், ஒருவரைப் பார்த்து ஒருவர் விலா நோகச் சிரித்தார்கள். சிரிப்பு தெருவுக்குப் போயிற்று, தெருவும் நிமிர்ந்தது. பாடகருக்கு மேல் சுரம் கிடைத்தது. பக்கத்து வீட்டோடு சண்டை போட்டிருந்தவர்கள் முகத்தைப் பார்த்ததும் என்ன சண்டை என்பதே நினைவு வராமல் நின்றார்கள்.

"என்ன வேண்டும், கேள்" என்று ராஜா காத்தாயியிடம் சொன்னான். பொன் கேட்பாள், வீடு கேட்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நிமிர்ந்து சுமந்தாலும் சுமை சுமைதான், மகாராசா. எங்க ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவுல எறக்கி வெக்க ஒரு இடம் இல்ல. தலை உசரத்துக்குக் கல்லு நட்டுக் குடுங்க. யார் துணையும் இல்லாம, குனியாம, எறக்கி ஏத்திக்கலாம்."

காதத்துக்கு மூன்று சுமைதாங்கிக் கல், பக்கத்தில் ஒரு நிழல் மரம், தண்ணீர்ப் பந்தல் என்று நாடு முழுக்க ராஜா அமைத்துக் கொடுத்தான். முதல் கல்லில் முதல் பானையை இறக்கியவள் காத்தாயிதான்.

அன்று மத்தியானம் சபை கலைந்த பிறகு ராஜா அரசியின் அருகில் போனான். போனவன் திகைத்து நின்றான். அவள் கண்ணைப் பார்க்க அவன் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நீ என்னைவிட உயரமா, எழிலி?"

"நாலு விரற்கடை."

"கல்யாணத்தன்று அப்படி இல்லையே?"

"அன்னிக்கும் இப்படித்தான். சட்டம் இருந்துச்சே. மணவறைக்கு வரும்போதே முழங்காலை மடக்கிக்கிட்டேன். பத்து வருஷமா மடக்கிக்கிட்டேதான் நிக்கிறேன்."

ராஜா அவள் முழங்காலைப் பார்த்தான். பிறகு, "வலித்ததா?" என்று கேட்டான்.

"வலிச்சுது" என்றாள் அரசி. அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து போனார்கள். அரசி முழங்காலை மடக்கவில்லை. ஊரே பார்த்தது. ராஜா அவளை அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டே நடந்தான், நாள் முழுக்கப் பேசினான், அதிலேயே அவன் கழுத்து வலி அடியோடு போய்விட்டது.