வேப்பமர நிழலும் இத்தாலி வண்டியும்

ரைஸ்மில் தனுஷ்கோடியிடம் இத்தாலிப் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதையே இன்னும் வேகமாக்கிப் புது மாடல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கினார். சிவப்புப் பெயிண்ட் வெயிலில் மங்கிவிடக் கூடாதே என்று, சந்தைத் தெருவின் ஒரே வேப்பமர நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே பூக்கடை போட்டிருந்த ஒச்சம்மாவைக் கிளம்பச் சொன்னார்.

"வெயில்ல பூ வாடிரும் முதலாளி."

"ஏத்தா, உன் ஓட்டை மொபெட்ட எடுத்துட்டு வா. எந்தப் போட்டின்னாலும் சரி, என் வண்டிய ஜெயிச்சிட்டா இடம் உனக்கு," என்று தெருவே கேட்கச் சொல்லிச் சிரித்தார்.

"அப்ப பொங்கலுக்குச் சைக்கிள்ல வைப்பாங்களே, அந்தப் போட்டி. கடைசியா வர்றவங்கதான் ஜெயிச்சவங்க. கால் தரையில படக்கூடாது."

தெருவே கேட்ட வாக்கை விழுங்க முடியுமா? சம்மதித்தார்.

தினமும் பூக்கூடையோடு சந்தைக் கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் நகர்ந்து பழகியவள் ஒச்சம்மா. அவள் மொபெட் எறும்பாக ஊர்ந்தது. இத்தாலி வண்டியோ உறுமியது, துள்ளியது, சூட்டில் தொடையை வேகவைத்தது. டீக்கடை வருவதற்குள் தனுஷ்கோடி இரண்டு காலையும் ஊன்றிவிட்டார்.

"இந்த வண்டிக்கு மெதுவா போகத் தெரியாதுத்தா."

"அப்புறம் எதுக்கு முதலாளி இதைச் சந்தைக்குள்ள கொண்டு வர்றீங்க?"

கூட்டத்தோடு சேர்ந்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை மில்லுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் நடந்தே வந்து, புது வண்டிக்கு ஒரு மாலை கேட்டார்.

"அவசரமில்லையே முதலாளி? நிழல்ல நில்லுங்க, கட்டித் தாறேன்," என்றாள் ஒச்சம்மா.