உருளிக்குள் ஒரு தாய்வீடு

மாசானம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர் நகராட்சியில் அவர் தினக்கூலி.

ஒரு மழைக்காலத்தில் சேர்மன் பொன்னுரங்கம் காய்ச்சலில் படுத்து எழுந்தார். நகராட்சி அலுவலகத்துக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும் மாசானம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினார். குழாய் இணைப்புக்கு மனு கொடுக்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

“என்னைக் கடிச்ச கொசு எங்கே பொறந்ததுன்னு இன்னைக்கே காட்டணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

“காட்டுறேன் ஐயா. எங்கே உக்காந்திருந்தப்போ கடிச்சுது?”

“என் வீட்டு ஊஞ்சல்ல.”

“அப்போ உங்க வீட்டு கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. இத்தனை வருஷமா என்னை உள்ளே விட்டதில்லை.”

எல்லோரும் பின்னாலேயே போனோம். ஊஞ்சலுக்குப் பக்கத்தில், விருந்தாளிகள் பார்க்கவென்று வைத்த பித்தளை உருளியில் தாமரைகள் மிதந்தன. மாசானம்மாள் ஒரு பூவை விலக்கி டார்ச் அடித்தார். தண்ணீரெல்லாம் புழு நெளிந்தது.

“இதுதான் ஐயா அதோட தாய்வீடு. பூப்போட்டுல்ல பிரசவம் பாத்திருக்கீங்க!”

முதலில் சிரித்தது சேர்மனின் மனைவிதான். மாசானம்மாளின் வேலை போகவில்லை.

மாசானம்மாள் இறந்து நாலு வருஷமாகிறது. அந்த உருளி இன்றும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்துதான் கிடக்கிறது.