ஊசிப்பாறைச் சங்கம் பள்ளிக்கூடம் நடத்திய வாரம்

ஊசிப்பாறை உழைப்போர் உரிமைச் சங்கத்தில் மொத்தம் நான்கு பேர் இருந்தார்கள். தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், உறுப்பினர் ஒருவர். எந்தத் தீர்மானம் போட்டாலும் 'தொண்டர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்' என்றுதான் முடிப்பார்கள். தொண்டர் என்று இருந்தவர் சுவரெழுத்துக்கார மரியசூசை ஒருவர்தான். பாவம், அவரும் கடைப்பிடித்துவிடுவார்.

தலைவர் மாசிலாமணிக்கு எழுபத்தொரு வயது. பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர். ஊரில் மற்ற பிள்ளைகள் அம்மா, ஆடு என்று எழுத்துக்கூட்டிய வயதில் அவர் எழுத்துக்கூட்டிய முதல் வரி 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பது. அதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

ஐம்பது ஆண்டுகளில் அவர் நாற்பத்தொரு போராட்டம் நடத்தினார். நாற்பது தோற்றன. மூடிய மில் திறக்கவில்லை. பஸ் வரவில்லை. சாராயக் கடையை எடுக்கச் சொல்லி இருபது நாள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களைப் பார்க்க வந்த கூட்டத்துக்குப் போதவில்லை என்று பக்கத்திலேயே இரண்டாவது கடை வந்தது. வென்றது ஒன்றே ஒன்றுதான். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கேட்டுப் பதினோரு நாள் உட்கார்ந்தார்கள். பள்ளி வந்தது. அதிகாரி வந்து உத்தரவை வாசித்த நேரத்தில் சங்கத்தார் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பள்ளிக்குத்தான் இப்போது ஆபத்து. படிக்கிற பிள்ளைகள் பத்தொன்பது பேர். இருபதுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டரில் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வாராம். கடிதத்தை மாசிலாமணி மூன்று முறை படித்தார். இதுவும் போனால் கணக்கு ரொம்பச் சுத்தமாகிவிடும்: நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.

சங்கம் அவசரமாகக் கூடி இரண்டு தீர்மானங்கள் போட்டது. மூடுவதைக் கண்டித்துச் சனிக்கிழமை பள்ளி வாசலில் காத்திருப்புப் போராட்டம் என்பது ஒன்று. அதற்கு ஆயிரம் நோட்டீஸ் உடனே அச்சடித்து வந்துவிட்டது. அதுவரைக்கும் டீச்சருக்கு முழு ஒத்துழைப்பு என்பது இன்னொன்று. பெரிய சேதம் எல்லாம் இந்த இரண்டாவதால் வந்தது.

டீச்சர் என்றால் தங்கபுஷ்பம். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். அந்த வாரம் செயல்வழிக் கற்றல் வாரம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. கற்றல் வாரத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியும் வைத்திருந்தார்கள். அதுவும் அதே வாரம்தான், திங்கள் முதல் வியாழன் வரை, மாவட்டத் தலைநகரில். பதிலுக்கு வேறு ஆசிரியர் கிடையாது. சங்கத்தார் நால்வரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் சுற்றறிக்கையை அவர்கள் கையில் கொடுத்தார்.

"ஐயா, நாளுக்கு ஒண்ணுன்னு இதிலே போட்டிருக்கு. போட்டிருக்கிறதை அப்படியே செய்ங்க. சொந்தமா எதையும் சேர்க்காதீங்க. முக்கியமா, போராட்டம் வேண்டாம்."

"டீச்சரம்மா, அச்சடிச்ச தாளுக்கு நாங்க குடுக்கிற மரியாதையை இந்த நாட்டிலே எவனும் குடுத்ததில்லே," என்றார் மாசிலாமணி.

அது உண்மைதான்.

திங்கள்கிழமைக்கு, 'மாணவர்களின் உயரத்தை அளந்து சுவரில் எழுதவும்' என்று இருந்தது. அளப்பதில் சிக்கல் இல்லை. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. நால்வரும் கூடிப் பேசினார்கள்.

செயலாளர் சிவனணைந்தான் கேட்டார், "நடந்து போறவன் படிக்கிறதுக்கா, பஸ்ல போறவன் படிக்கிறதுக்கா?"

"நம்மூருக்குத்தான் பஸ்ஸே இல்லையே தோழர்," என்றார் மரியசூசை.

"வரணும்னுதானேய்யா போராடுறோம். நாமளே நம்பலேன்னா எப்படி? பஸ்ஸுக்கே எழுதும்."

எனவே எழுத்து இரண்டடி உயரத்தில் விழுந்தது. மூன்று பிள்ளைகளோடு பள்ளிச் சுவர் தீர்ந்தது. நான்காவது பிள்ளை ரேஷன் கடைக்குப் போனான். மற்றவர்கள் கால்நடை மருந்தகம், மூடிய மில்லின் மதில் என்று பரவினார்கள். கடைசியாக மிஞ்சியது இரண்டாம் வகுப்பு யாழினி. ஊரில் மிஞ்சிய சுவர் குடிநீர்த் தொட்டி. மரியசூசை ஏணி போட்டு ஏறி, 'யாழினி மூன்றடி நான்கு அங்குலம்' என்று வட்டமாக எழுதினார். முடிவில் 'வெல்க' என்று போடக் கை துறுதுறுத்தது. டீச்சர் சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டார்.

பெயர் மறுபக்கம் போய்விட, கண்ணில் பட்ட அளவை வைத்துத் தொட்டியில் அவ்வளவு தண்ணீர்தான் மிச்சம் என்று நினைத்துச் சாயங்காலம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஆளுக்குப் பத்துக் குடம் பிடித்தார்கள். ராத்திரிக்குள் தொட்டி உண்மையிலேயே வற்றிவிட்டது. சுவரெழுத்துக்கு இவ்வளவு உடனடியான பலன் கிடைத்து மரியசூசை பார்த்ததேயில்லை.

செவ்வாய்க்கிழமை, 'மொச்சை விதையை ஊன்றி, அது முளைப்பதைக் கவனிக்கவும்.' ஒரு சிரட்டையில் மண் போட்டு ஊன்றினார்கள். பத்தொன்பது பிள்ளைகளும் நான்கு பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்து கவனித்தார்கள். பகல் பன்னிரண்டு மணிவரை மொச்சை அசையவில்லை.

"கவனிக்கவும்னுதான் போட்டிருக்கு," என்றார் பொருளாளர் நயினா முகம்மது. "முளைக்கலேன்னா என்ன செய்யணும்னு போடலியே."

"எடுத்த எடுப்பிலே நடவடிக்கைக்குப் போகக் கூடாது," என்றார் சிவனணைந்தான். "முறைப்படி கெடு குடுக்கணும்."

கெடு கொடுப்பது போராட்டத்தில் சேருமா என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். கெடு என்பது போராட்டம் வராமல் தடுக்கும் ஏற்பாடு, ஆகவே டீச்சர் சொன்னதற்கு விரோதமில்லை என்று முடிவானது. மாசிலாமணி எழுந்து, துண்டைச் சரிசெய்து, சிரட்டையைப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் முளைக்க வேண்டும் என்று வாசித்தார். எழுத்திலும் ஒரு பிரதி சிரட்டைக்கு அடியில் வைக்கப்பட்டது.

"முளைக்கலேன்னா என்ன தாத்தா செய்வீங்க?" என்று கேட்டாள் யாழினி.

"அடுத்த கட்டப் போராட்டத்தை அறிவிப்போம்."

"அடுத்த கட்டம்னா?"

ஐம்பது ஆண்டுகளில் எந்த அதிகாரியும் மாசிலாமணியை இந்தக் கேள்வி கேட்டதில்லை. துண்டை மறுபடி சரிசெய்தார். "அதை அப்போ அறிவிப்போம்," என்றார்.

புதன்கிழமை எண்ணுதல். 'மாணவர்களையே எண்ணச் செய்து எண்களைக் கற்பிக்கலாம்.' இது மாசிலாமணியின் சொந்தத் துறை. எத்தனை கூட்டத்துக்கு எண்ணிக்கை சொன்னவர். வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் சாக்பீஸ் எடுத்தார். கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் சங்கக் கணக்கு என்றும் மறுபக்கம் போலீஸ் கணக்கு என்றும் எழுதினார்.

பத்திரிகைக்குச் சொல்லும்போது வந்தவர்களைப் பத்தால் பெருக்க வேண்டும். அது சங்கக் கணக்கு. வந்தவர்களைப் பாதியாக்கி, அதிலும் இரண்டைத் தள்ளிவிட்டு, உடைந்து நிற்கிற அரையையும் உதறிவிட்டால் போலீஸ் கணக்கு. வகுப்பில் இருப்பது பத்தொன்பது பேர். ஆகவே சங்கக் கணக்கில் நூற்றுத் தொண்ணூறு, போலீஸ் கணக்கில் ஏழு. பிள்ளைகள் மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். பெருக்கலும் வகுத்தலும் அன்றைக்குப் படிந்த மாதிரி அந்தப் பள்ளியில் என்றைக்கும் படிந்ததில்லை.

"அப்போ நிஜமா எத்தனை தாத்தா?" என்றாள் யாழினி. அந்தப் பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்துவதாக இல்லை.

"நிஜத்தை இதுவரைக்கும் எந்தப் பேப்பர்லயும் போட்டதில்லேம்மா."

பின்வரிசைப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த நயினா முகம்மது திடீரென்று எழுந்தார். "தலைவரே, அவங்க கேக்கிறது இருபது. நம்மகிட்ட இருக்கிறது நூத்தித் தொண்ணூறு. பிறகு என்ன பயம்?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாள் இது தோன்றவில்லையே. அன்று மத்தியானம் மாசிலாமணி, கடிதம் வந்த நாளிலிருந்து வராத தூக்கத்தைச் சேர்த்துவைத்துத் தூங்கினார்.

வியாழக்கிழமை, 'அருகிலுள்ள அரசு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, அதன் செயல்பாட்டை நேரில் காட்டவும்.' தாலுகா அலுவலகம் ஒரு மைல். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நடத்திக் கூட்டிப்போனார்கள். அலுவலக வாசல் வேப்பமரத்தடி வந்ததும் நால்வர் காலும் தானாக நின்றன. ஐம்பது ஆண்டுகளில் அந்த மரத்தைத் தாண்டி அவர்கள் போனதில்லை.

தாசில்தார் அம்மா நல்ல மனுஷி. பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, உள்ளே வாங்க, எல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். சங்கத்தாருக்கு வியர்த்துவிட்டது.

"தோழர், உள்ளே கூப்பிடுறாங்க," என்று கிசுகிசுத்தார் சிவனணைந்தான். "இதுக்கு என்ன நடைமுறை?"

"தெரியலே. சூழ்ச்சியா இருக்கும். எதுக்கும் உட்காருங்க," என்றார் மாசிலாமணி.

பெரியவர்கள் உட்கார, பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து சலித்துப்போய், ஏழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார்கள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். எதிரே காவல் நிலையத்திலிருந்து எட்டிப்பார்த்த சப்-இன்ஸ்பெக்டர் மரத்தடியில் மாசிலாமணியைக் கண்டார், தாளக்கட்டோடு குரலையும் கேட்டார். மேற்கொண்டு அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. வேன் வந்தது.

"பிள்ளைங்களும் ஏறணுமா சார்?" என்று மரியசூசை பணிவாகக் கேட்டார்.

"உட்கார்ந்திருக்கிற எல்லாரும் ஏறணும்."

வழக்கம்போல் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மின்விசிறி, சாம்பார் சாதம், அப்பளம், ஓடிப்பிடித்து விளையாடப் பெரிய கூடம். மாசிலாமணி நடுவில் நின்று, அரசாங்கம் இப்படித்தான் செயல்படும் என்று விளக்கினார். சுற்றறிக்கையில் போட்டிருந்தபடியே நேரில் காட்டியாயிற்று. ஐந்து மணிக்கு விட்டார்கள். மாசிலாமணியோடு போனவர்கள் ஐந்தரைக்கு வீடு வந்துவிடுவார்கள் என்று ஊருக்குத் தெரியும். பெற்றோர் யாரும் பதறவில்லை. பிள்ளைகள்தான், அடுத்த வாரமும் கைது உண்டா என்று கேட்டுத் தொந்தரவு செய்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையில் மாணவர்கள் ஏழு பேர் என்று எழுதினார். சிவனணைந்தான் பத்திரிகை நிருபரிடம் நூற்றுத் தொண்ணூறு என்றார். இரண்டும் வெள்ளிக்கிழமை காலை அதிகாரியின் கோப்பில் இருந்தன.

அதிகாரி தங்கபுஷ்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். வழியெல்லாம் சுவர்களைப் படித்துக்கொண்டே வந்ததில் டீச்சர் முகம் வெளுத்திருந்தது. வகுப்பில் உட்கார்ந்து அதிகாரி இரண்டு தாளையும் விரித்தார். "இதிலே ஏழு. இதிலே நூத்தித் தொண்ணூறு. எது சரி?"

பத்தொன்பது என்றார் தங்கபுஷ்பம். எதிரில்தான் இருக்கிறார்கள், எண்ணிப் பார்க்கலாமே என்றார்.

"எண்ணுற அதிகாரம் எனக்கு இல்லேம்மா. ஆவணத்தைச் சரிபார்க்கத்தான் வந்திருக்கேன்." முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. உங்க பள்ளியிலே எத்தனை பேரு?"

யாழினி எழுந்து கைகட்டி நின்றாள். "சங்கக் கணக்கா சார், போலீஸ் கணக்கா?"

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.

அதிகாரி இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். பிறகு, இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் சராசரி எடுப்பதுதான் மரபு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, பேனாவைத் திறந்து கூட்டி வகுத்தார். மொத்த மாணவர்கள் தொண்ணூற்றெட்டரை. இருபதுக்கு மேல் இருப்பதால் பள்ளி தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அரைங்கிறது யாரு சார்?" என்றார் தங்கபுஷ்பம், குரலே எழாமல்.

அதிகாரி யாழினியை மேலும் கீழும் பார்த்தார். "அதான் தொட்டியிலேயே போட்டிருக்கே. மூணடி நாலங்குலம்."

அந்த நேரத்தில் ஜன்னலோரம் மரியசூசை குரல் கொடுத்தார். மொச்சை முளைத்திருந்தது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பணிந்துவிட்டது. சங்கத்தார் சிரட்டைக்குத் துண்டு போர்த்தினார்கள்.

அதன்பின் நால்வரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். பள்ளி பிழைத்துவிட்டது. கோரிக்கை நிறைவேறினால் மேற்கொண்டு என்ன செய்வது?

"போன தடவை ஜெயிச்சப்போ என்ன செஞ்சோம்?" என்றார் மாசிலாமணி.

"சாப்பிடப் போயிருந்தோம்," என்றார் நயினா முகம்மது.

மரியசூசை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ நாளைக்கு? ஆயிரம் நோட்டீஸும் குடுத்து முடிச்சிட்டேனே தலைவரே."

நெருக்கடி இப்போதுதான் விளங்கியது. அறிவித்த போராட்டத்தைச் சங்கம் ஒருநாளும் கைவிட்டதில்லை. வாங்கிய உத்தரவையும் விட முடியாது. மாசிலாமணி ஜீப்புக்கு ஓடினார். அதிகாரியிடம் அவர் கைகூப்பிக் கேட்பதைப் பார்த்தவர்கள், நன்றி சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

"ஐயா, ஒரே ஒரு கோரிக்கை. நாளைக்கு ஒருநாள் மட்டும் பள்ளியை மூடித் தர முடியுமா?"

"நாளைக்குச் சனிக்கிழமைய்யா. எப்படியும் பூட்டித்தான் கிடக்கும். ஞாயிறும் அப்படித்தான்."

மாசிலாமணி இந்த முறை நன்றிக்காகவே கைகூப்பினார். கேட்டதற்கு மேல் கொடுத்த அதிகாரியை அன்றுதான் பார்த்தார்.

சனியும் ஞாயிறும் பூட்டிய கதவின்முன் நால்வரும் உட்கார்ந்து, திற, திற என்று குரல் கொடுத்தார்கள். திங்கள்கிழமை ஒன்பது மணிக்குத் தங்கபுஷ்பம் சாவியோடு வந்து திறந்தார். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் அது இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'நாற்பத்திரண்டாவது போராட்டம். இரண்டு நாள் உறுதிக்குப் பணிந்து அரசு பள்ளியைத் திறந்தது. கலந்துகொண்டோர் நாற்பது பேர்.'

போலீஸ் கணக்கு போட்டுப் பார்த்தால் ஆளே தேறவில்லை. யாருமே வராத போராட்டம் வென்றிருக்கிறது என்றால், அந்த யாருமே இல்லாத கூட்டத்துக்குத் தலைமை வகித்தது யார் என்று தலைவருக்கும் செயலாளருக்கும் இன்றுவரை தகராறு.