விக்கல் மருந்தில் யார் பங்கு எவ்வளவு?

மூன்று பேர் சேர்ந்து ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால் பெருமை ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது மிகப் பெரிய பிழை. கோணவயல் அரண்மனையில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

கோணவயல் ஜமீன்தாருக்கு ஓயாத விக்கல். ஏகாம்பரம் மூலிகை பறித்து வந்தார், தொந்தியப்பன் அரைத்தார், முத்திருளன் காய்ச்சினார். கஷாயம் உள்ளே போனதும் விக்கல் நின்றது. அரண்மனை வைத்தியர் பதவி அப்போது காலியாக இருந்தது. நாற்காலி ஒன்றுதான், உட்கார ஆசைப்பட்டவர்கள் மூவர்.

மூவரும் போட்ட சத்தத்தில் காரியஸ்தருக்குத் தலைவலி வந்துவிட்டது. "ஒருத்தரை விட்டுட்டுச் செஞ்சு பாருங்கய்யா. எவ்வளவு குறையுதோ, அதுதான் அவர் பங்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

"விக்கல்தான் நின்னுபோச்சே, எதை வச்சுச் சோதிக்கிறது?" என்று கேட்டார் முத்திருளன்.

நியாயமான கேள்வி. ஜமீன்தாருக்குப் பச்சை மிளகாய் கொடுக்கப்பட்டது. விக்கல் திரும்பியது.

முதலில் ஏகாம்பரத்தை விட்டுவிட்டார்கள். அவர் இல்லாததால் மூலிகை இல்லை. தொந்தியப்பன் வெறும் அம்மியை அரைத்தார். முத்திருளன் வெறும் தண்ணீரைக் காய்ச்சினார். ஜமீன்தார் அந்த வெந்நீரைக் குடித்தார். விக்கல் நின்றது.

"ஏகாம்பரண்ணே, உங்க பங்கு ஒண்ணுமில்லே" என்றார் தொந்தியப்பன், மிகுந்த வருத்தத்தோடு.

மறுபடி மிளகாய். இம்முறை தொந்தியப்பன் இல்லை. இலையை முழுசாகப் போட்டுக் காய்ச்சினார்கள். விக்கல் நின்றது. மறுபடி மிளகாய். முத்திருளன் இல்லாததால் மூலிகை விழுதைப் பச்சையாகவே ஊட்டினார்கள். ஜமீன்தாருக்கு விழி பிதுங்கியது. விக்கலும் நின்றது.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"அப்போ இந்த மருந்தை யாருமே கண்டுபிடிக்கலையா?" என்றார் முத்திருளன்.

"இரும் ஓய். மூணு தடவையும் விடாம இருந்தது யாரு?" என்றார் ஏகாம்பரம்.

"எஜமான்!" என்றார் முத்திருளன்.

"அவசரப்படாதீங்க. அவரையும் விட்டுட்டுப் பார்த்தாத்தானே நியாயம்?" என்றார் தொந்தியப்பன்.

கடைசி மிளகாயைக் கொடுத்து, ஜமீன்தாரை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டார்கள். மூவரும் சேர்ந்து குறைவில்லாமல் கஷாயம் காய்ச்சினார்கள்.

"அடப் பாவிகளா, எனக்கு ஒரு வாய்... ஹிக்... குடுங்கடா!" என்று ஜமீன்தார் கதவைத் தட்டினார்.

"குடுத்தா சோதனை கெட்டுடும் எஜமான். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, முறைப்படி அவர்களே ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள்.

வெளியே விக்கல் நிற்கவில்லை.

இதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. அன்று மாலையே ஜமீன்தாருக்கு மாலை போட்டு, அரண்மனை வைத்தியர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

மறுநாள் வைத்தியசாலை திறக்கவில்லை. வைத்தியருக்கு விக்கல்.